மஞ்சள் இலைக்கு மறுபடியும் உரமா?

காளி பூஜை கழிந்து காற்றில் ஈரம் வற்றத் தொடங்கியதும், கொல்கத்தாவின் நியூ டவுன் அடுக்ககங்களின் பால்கனிகளில் சாமந்தித் தொட்டிகள் வரிசை கட்டிவிடும். இங்கே அதற்குச் சந்திரமல்லிகா என்று பெயர். மழைக்காலத்தில் வேர்விட வைத்த துண்டு, இப்போது மொட்டுப் பிடிக்கும் பருவத்துக்கு வந்திருக்கும். இலை மஞ்சளாவதும் இந்த நேரத்தில்தான், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வதும் இந்த நேரத்தில்தான். நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்து குடியேறி, பத்துத் தொட்டி வைத்து அழகு பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் அதையே கேட்டு நடக்கிறார்கள். நான் பார்த்தவரை, இங்கே பட்டினியால் செத்த செடிகள் குறைவு. ஊட்டி ஊட்டியே சாகடித்தவைதான் அதிகம்.

நம்பிக்கை: இலை மஞ்சளானால் செடிக்குப் பசி.

உண்மை: எந்த இலை என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கும் மொட்டுக்கும் அனுப்பிவிடும். அதனால் அவற்றின் குறை அடியிலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவை போய்ச் சேர்ந்த இடத்தைவிட்டு நகராதவை. அவற்றின் குறை தளிரில் தெரியும். அடியிலை முழுதும் வெளிறினால் தழைச்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அடியிலையின் விளிம்பு தீய்ந்தால் சாம்பல்சத்து. தளிரில் பச்சை வலைபோல நரம்பு தெரிந்து மற்றதெல்லாம் வெளுத்தால் இரும்பு. இலையில் ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் சத்துக் கணக்கையே விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் அந்த இலையைத் தட்டுங்கள். ஊர்ந்து போகும் பொடிப்புள்ளிகள் சிலந்திப்பேன்.

இன்னொன்று. மொட்டு திரளும்போது கடைசி வரிசையில் இரண்டு மூன்று இலைகள் மஞ்சளாகி உதிர்வது நோயே இல்லை. இருப்பதை எடுத்துப் பூவுக்குக் கொடுக்கிறது செடி, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஊறவைத்த கடுகுப் புண்ணாக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் சரிசெய்யும்.

உண்மை: நம் பக்கம் கடலைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு எப்படியோ, வங்காளத்துக்குக் கடுகுப் புண்ணாக்கு அப்படி. 'ஷோர்ஷேர் கோல்' ஊறும் வாளி இல்லாத தோட்டக்காரர் வீடு இங்கே அபூர்வம். நல்ல உரம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அது முக்கியமாகத் தழைச்சத்து உரம், சுமார் 5 விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி புரதமாக இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்தால்தான் வேருக்குக் கிடைக்கும். குளிரில் அந்த வேலை மந்தமாகும். பலன் தெரியவில்லையே என்று மறுபடி ஊற்றுகிறோம், பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து இலைநுனி கருகுகிறது. முதல் குளிர்காலத்தில் நான் எட்டுத் தொட்டிகளை இழந்தது இப்படித்தான். ஒரு வாரம் ஊறியதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, மொட்டு பட்டாணி அளவு வரும்வரை கொடுங்கள். மொட்டு நிறம் காட்டும் முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் தழைச்சத்து கொடுத்தால் இதழ் மென்மையாகி, பனி விழும் காலையில் பூஞ்சணத்துக்கு இரையாகும்.

நம்பிக்கை: இங்குள்ள தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது, செடிக்கு அது போதும்.

உண்மை: இந்த ஒன்றைத்தான் இங்கே பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் பாதி உண்மை. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் ஊறும் நிலத்தடி நீரில் பல இடங்களில் இரும்பு அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீரை வாளியில் பிடித்து வையுங்கள். முதலில் தெளிவாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகும், வாளியின் உட்புறத்தில் கறை படியும். காற்றில்லாத ஆழத்தில் கரைந்து கிடந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிறது. துரு தண்ணீரில் கரையாது, கரையாததை வேரால் எடுக்கவும் முடியாது.

அதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. இதே நீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டி மண் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாகிறது. கார அமில அளவு 7-ஐத் தாண்டிவிட்டால், மண்ணில் முன்பே இருக்கும் இரும்பும் செடிக்கு எட்டாது. அதனால்தான் தண்ணீர் சிவப்பாக இருக்கும் வீட்டில் தளிர் மஞ்சளாக நிற்கிறது. தொட்டி மண்ணைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து அள்ளிவந்திருந்தால் இன்னும் மோசம். சிமெண்ட் தூளும் சுண்ணாம்புக் காரையும் அதில் கலந்திருக்கும். ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடி உதவிக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்போடு 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். விரிந்த பூவில் பட்டால் கறை விழும். கொடுக்குப் பிணைப்பில் (கீலேட்) கிடைக்கும் இரும்பு உரம் வாங்குவதானால், இடிடிஏ என்று அச்சிட்டது காரமண்ணில் அதிகம் தாங்காது, இடிடிஹெச்ஏ என்றிருப்பதே தாங்கும். வெளுத்த பழைய தளிரைவிட, அடுத்து வரும் தளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். நிரந்தரத் தீர்வு அடுத்த பருவத்தில்தான்: மழைநீரைச் சேர்த்து வைப்பதும், இலைமக்கும் தென்னை நார்க்கழிவும் கலந்த புது மண்ணும்.

நம்பிக்கை: முட்டை ஓடு, எலும்புத் தூள், எப்சம் உப்பு மூன்றும் எந்தத் தொட்டிக்கும் நல்லது.

உண்மை: முட்டை ஓடு சுண்ணாம்பு. ஏற்கெனவே காரமான மண்ணில் அதையே இன்னும் சேர்ப்பானேன்? எலும்புத் தூள் அமில மண்ணில் கரையும், காரமண்ணில் அப்படியே கிடக்கும். எப்சம் உப்பு மக்னீசியக் குறைக்கு மட்டும்தான் மருந்து. குறை இல்லாதபோது போட்டால் வேரில் சாம்பல்சத்தோடும் சுண்ணாம்புச்சத்தோடும் போட்டியிட்டு அவற்றைத் தடுக்கும்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டி, இலைநுனி பழுப்பாக இருந்தால் உரம் மிஞ்சிவிட்டது. தொட்டி கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். கீழ்த்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். மூச்சு முட்டிய வேர் சத்து எடுக்காது, அப்படிப்பட்ட செடியும் பசித்த செடியைப் போலவேதான் தெரியும்.

நம்பிக்கை: மார்கழியிலும் மொட்டு வரவில்லையென்றால் மணிச்சத்து போதவில்லை.

உண்மை: செடி பச்சையாக, புஷ்டியாக இருந்தும் மொட்டு வராவிட்டால் டிஏபி வாங்கப் போகாதீர்கள். மிதமிஞ்சிய மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் முடக்கும். இரவில் பால்கனிக்குப் போய் நின்று பாருங்கள். சாமந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. பகல் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் காட்டினார்கள். உண்மையில் செடி அளப்பது இடையறாத இருட்டை என்று 1938-இல் ஹாம்னரும் பானரும் நிறுவினார்கள். நடு இரவில் சிறிது நேரம் விளக்கு எரிந்தாலே அது ஒரு நீண்ட இரவாகக் கணக்கில் வராது. சாமந்தி வியாபாரிகள் பூப்பதைத் தள்ளிப்போட இந்த உத்தியைத்தான் கையாள்கிறார்கள்.

பிஸ்வ பங்ளா சரணி என்ற சாலையை ஒட்டிய கீழ்மாடிகளில் தெருவிளக்கு விடியும்வரை தொட்டிமேல் விழுகிறது. மேல்மாடிகளில் அணைக்க மறந்த நம் பால்கனி விளக்கே அந்த வேலையைச் செய்கிறது. விளக்கை அணைக்க முடியாத இடத்தில், கறுப்புத் துணி ஒன்றைச் செடியைத் தொடாமல் குச்சிகளின் மேல் கூடாரமாகப் போட்டு மாலை 6 மணிக்கு மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். ஒரு நாளும் விடாமல், மொட்டு நிறம் காட்டும்வரை.