நெல் வயல் வாயுவும் உலகப் பேச்சுவார்த்தையும்

நீர் கட்டிய நெல் வயலில் இறங்கினால் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்புவதை விவசாயிகள் அறிவார்கள். அதில் உள்ளது பெரும்பாலும் மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். நீர் மூடிய மண்ணில் காற்று புகாது. அப்போது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மட்கிய தழையையும் வேரையும் சிதைத்து இதை உண்டாக்குகின்றன. குமிழியாக வருவதைவிட நெற்பயிரின் தண்டு வழியே வெளியேறுவதே அதிகம். அசை போடும் மாடுகளின் ஏப்பத்திலும் இது உண்டு. பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிட இது பன்மடங்கு வலியது.

இந்த வாயுவுக்காகவே நமது நாடு உலக அரங்கில் வாதாட நேர்ந்தது. 1990-ல் வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம், பூமியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்தது. ஏழை உழவனின் வயலையும் மாட்டையும், செல்வந்த நாட்டின் மோட்டார் காரையும் ஒரே தராசில் நிறுப்பதா என்று 1991-ல் தில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறுத்து எழுதினார்கள்.

வாதம் மட்டும் போதாது, அளவும் வேண்டும் அல்லவா? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை, இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 380 இலட்சம் டன் மீத்தேன் வெளியாவதாகக் கணக்கிட்டிருந்தது. வெளிநாட்டு வயல்களில் எடுத்த அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று, 1991-ல் நமது வயல்களிலேயே அளந்தபோது கிடைத்தது சுமார் 40 இலட்சம் டன்தான்!

1992-ல் ரியோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு ஒன்றல்ல என்ற கொள்கை இடம் பெற்றது. இதற்காக வலியுறுத்திய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2021-ல் கிளாஸ்கோவில், மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பதாக நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதி கூறின. இந்தியா சேரவில்லை. 2022-ல் அளித்த இலக்கிலும் எந்தத் தனித் துறைக்கும் கட்டாயம் இல்லை என்று தெளிவுபடுத்தியது. சிறு விவசாயியைக் கருதினால் இது நியாயமான நிலை என்றே கூற வேண்டும்.

கட்டாயம் இல்லாவிட்டாலும், நீர் மறைய நீர் கட்டும் முறை நமக்கே லாபம். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்ட வேண்டும். நட்ட இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காய விடக் கூடாது. பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். முறை வைத்துத் தண்ணீர் விடும் கால்வாய்ப் பாசனத்தில் இது நம் கையில் இல்லை. கிணறு உள்ளவர்களுக்கே எளிது.

இம்முறைக்குப் பணம் தருவதாகக் கூறிக் கார்பன் ஒப்பந்தத்துடன் சில நிறுவனங்கள் கிராமங்களுக்கு வருகின்றன. எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், நம் பங்கு எவ்வளவு, குத்தகை நிலமானால் பணம் யாருக்கு என்பவற்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.