கறவை மாட்டில் தைலேரியா: கணு வீங்கும்போதே கண்டறியும் முறை

இரத்த ஒட்டுண்ணி நோய்களுள், ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் கலப்பினக் கறவை மாடுகளுக்குப் பெருங்கேடு விளைப்பது தைலேரியா என்னும் ஓரணு உயிரியால் வரும் காய்ச்சலாகும். இரத்த நோய் என்றவுடன் சிவப்பணு அழிவதையும் சிறுநீர் நிறம் மாறுவதையுமே பலரும் எதிர்பார்க்கின்றனர். இந்நோயோ சிவப்பணுவில் தொடங்குவதில்லை என்பதை அறிந்தால்தான், எந்த நாளில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

இந்தியாவில் இந்நோயை உண்டாக்குவது தைலேரியா அனுலேட்டா; பரப்புவது ஹயலோமா வகை உண்ணி. உண்ணி தோலைப் பற்றி இரத்தம் உறிஞ்சத் தொடங்கிய பின்னரே அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகிறது. இதற்குப் பொதுவாக இரண்டு மூன்று நாள்கள் ஆகும். உடலுள் புகுந்த ஒட்டுண்ணி, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே குடியேறி, அவற்றைக் கொல்லாமல் ஓயாது பிளந்து பெருகத் தூண்டுகிறது. அணு இரண்டாகும்போது தானும் பிளந்து இரண்டிலும் இடம்பிடிப்பதால், புற்றுநோயை ஒத்த பெருக்கம் ஏற்பட்டு, வெள்ளையணுக்கள் திரளும் நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. அதன் பின்னரே ஒட்டுண்ணி சிவப்பணுக்களுள் நுழைகிறது. அவற்றை மண்ணீரல் முதலிய உறுப்புகள் அழிக்க, இரத்தச்சோகையும், சிதைந்த செந்நிறமி மஞ்சள் நிறமியாக மாறித் தேங்குவதால் காமாலையும் வருகின்றன. மூச்சுத் திணறலும் கருஞ்சாணமும் தோன்றினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

ஆகவே முதற்பணி வெப்பம் பார்ப்பது. மாட்டின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட். மாடு தீனி குறைத்து, அசை போடாமல் நின்று, வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 104-க்கு மேல் காட்டினால், அதே நேரத்தில் கணுவையும் தடவிப் பார்க்க வேண்டும். தோள்மூட்டுக்குச் சற்று முன்னே, கழுத்து தோளுடன் சேரும் இடத்தில், விரல்களை ஆழ அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்தினால் தோலடியில் நழுவும் நீள்வடிவக் கணு கைக்குப் புலப்படும். இரு பக்கமும் ஒப்பிட்டு, நலமாக உள்ள வேறொரு மாட்டின் கணுவையும் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மாடு நலமாயிருக்கும் நாள்களிலேயே கையைப் பழக்கிக்கொள்வது நன்று. இக்கணு முட்டையளவு பருத்துக் காய்ச்சலும் சேர்ந்திருக்குமாயின் தைலேரியாவையே முதலில் ஐயுற வேண்டும். அடுத்து, கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, உட்புறம் இளஞ்சிவப்பா, வெளிறியதா, மஞ்சள் படர்ந்ததா எனக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் கழியுமாயின், அது பெரும்பாலும் பபீசியா என்னும் வேறோர் ஒட்டுண்ணியின் வேலை. உண்ணி நோய் பரப்பும் என்பதை 1893இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் மெய்ப்பித்தது இந்த பபீசியா நோயைக் கொண்டே. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இவ்வேறுபாடு உயிர்காப்பது.

எந்த ஊசியும் போடுவதற்கு முன்னரே, காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாக எடுத்து, ஈ மொய்க்காமல் உலர்த்தி, கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தேவைப்படின் அவர் கணுவிலிருந்தும் ஊசியால் நீர் எடுத்துச் சோதிப்பார். காய்ச்சலைத் தணிக்கும் ஊசியை மட்டும் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதே இந்நோயில் நிகழும் மிகக் கொடிய தவறு, ஏனெனில் வெப்பம் இறங்கிக் காட்டும் அந்த இரண்டு நாள்களிலும் வெள்ளையணுவுக்குள் பெருக்கம் நிற்பதில்லை.

தைலேரியாவுக்குரிய மருந்து பியூபார்வகுவோன். உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் கழுத்துத் தசையில் மருத்துவர் செலுத்துவார். 300 கிலோ மாட்டுக்கு 750 மில்லிகிராம் ஆகும் என்பதால், அளவை ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்துப் போடுவர். எடையைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும். சிகிச்சைக் காலத்தில் மாட்டை நடத்தி ஓட்டிச் செல்லாமல், நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுவது இன்றியமையாதது. இரத்தம் குன்றிய மாட்டின் இதயம் சிறு நடையையும் தாங்காது. கறந்த பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

ஹயலோமா உண்ணி மாட்டின் மேல் மட்டும் வாழ்வதில்லை. தொழுவத்துச் சுவர் வெடிப்புகளிலும் ஒளிந்திருப்பதால், மாட்டுக்கு மட்டும் மருந்தடிப்பது பாதி வேலையே. வெடிப்புகளைப் பூசி அடைத்து, உண்ணிமருந்தைச் சீட்டில் உள்ள அளவில் கலந்து, காதின் உட்புறம், வாலடி, மடியிடுக்கு ஆகிய இடங்களிலும் படும்படி தெளிக்க வேண்டும். உண்ணியை வெறுங்கையால் நசுக்குவது கூடாது. மனிதரைக் கொல்லவல்ல கிரிமியன் காங்கோ காய்ச்சலைப் பரப்புவதும் ஹயலோமா இனமே. நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு; திரவ நைட்ரஜனில் காக்கப்படும் உயிர்த் தடுப்பூசி என்பதால் அதை மருத்துவர் வழியாகவே பெற முடியும்.

தேறிய மாடு நோயின் குறியே இன்றி நீண்ட காலம் ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கும். அதைக் கடித்து வளர்ந்த உண்ணியே அடுத்ததைத் தாக்கும். எனவே அத்தொழுவத்தில் பிறக்கும் கன்றின் காதுமடலை நாள்தோறும் புரட்டிப் பார்த்து, ஒட்டிய உண்ணியை அன்றன்றே இடுக்கியால் அகற்றிவிட வேண்டும்.