தண்ணீருக்கு எதற்கு ஆய்வகம்?

கேள்வி: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரை அளக்கிறார்கள், சரி. அதை ஆய்வகத்துக்கும் அனுப்புவது எதற்கு?

பதில்: எவ்வளவு வருகிறது என்பதை அளவு சொல்லும். எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்ணீரின் தன்மைதான் காட்டிக்கொடுக்கும். ஓட்டத்தை அளப்பது சுலபம்: வாய்க்காலின் குறுக்கே 'வி' வடிவ வெட்டுள்ள பலகை, அதில் வழியும் நீரின் உயரம், பம்பு ஓடிய நேரம். ஆனால் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் வேறு ரகம். நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற கனிமம், காற்றும் ஈரமும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். இரும்பும் சல்பேட்டும் கூடிவிடும். வரத்து அப்படியே இருக்க, சல்பேட் மட்டும் ஏறினால், பழைய சுரங்க நீர் கசிகிறதோ என்று உஷாராக வேண்டும். (சுண்ணாம்புப் பாறை அமிலத்தை அடக்கிவிடும், எனவே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். ஒன்றையே நம்பிவிடக் கூடாது.)

தேங்கிய நீர் உடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் நீர் உடைத்துப் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள குவெக்ரீக் சுரங்கத்தில், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் முழு எல்லையைக் காட்டாத வரைபடத்தை நம்பித் தோண்டியதில், அங்கே தேங்கியிருந்த நீர் உள்ளே புகுந்தது. வெள்ளத்தில் சிக்கிய 9 பேரும் மூன்று நாளுக்குப் பின் மீண்டது பெரும் அதிர்ஷ்டம்.

ஆய்வக முடிவு எச்சரிக்கை மட்டுமே. சந்தேகம் வந்துவிட்டால், முன்னால் துளையிட்டுப் பார்க்காமல் ஓர் அடிகூட வெட்டக் கூடாது.