பனிமலைக்குப் பெட்டி கட்டுமுன்...

"காஷ்மீர் குல்மார்க் போறோம், பனியில சறுக்குறோம்!" என்று பிள்ளைகள் ஒரே பிடியாக நிற்கிறார்களா? தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ராஜபாளையத்து வெயிலில் வளர்ந்த உடம்பை இரண்டே நாளில் பனிமலை உச்சியில் கொண்டு போய் நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்கிற நாம், உடம்பை மட்டும் "அது பாட்டுக்கு வரும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த முறை அப்படி விட வேண்டாம்.

எந்த மாசம் போகலாம்?

காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். அரையாண்டு விடுமுறை இதன் ஆரம்பத்தில் வருகிறது. அப்போது கூட்டம் அதிகம். பனி கண்டிப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர்கள் "மார்கழியில ஆண்டாளை விட்டுட்டு எங்கேயும் வரமாட்டேன்" என்பார்கள். அது ஒரு விதத்தில் நல்லதுதான்! பொங்கல் முடிந்து, தை பாதிக்கு மேல் போனால் பனிக்கு வாய்ப்பு அதிகம். அதுவும் உறுதியில்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் சரிவுகள் காய்ந்து கிடந்தன. ஆகவே "பனி இல்லாட்டியும் பரவாயில்லை" என்ற மனசோடு கிளம்புங்கள். பாதுகாப்பு நிலவரத்தையும் வானிலையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தால் விமானம் தள்ளிப் போகலாம். ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் என்ன செய்யும்?

ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். நாம் அங்கே அரைமணி நேரம் நின்று, படம் எடுத்து, இறங்கிவிடுவோம். குல்மார்க்கோ அடிவாரமே சுமார் 2,650 மீட்டர்! அதாவது, தொட்டபெட்டா உச்சியில் ராத்தங்குவது மாதிரி. அங்கிருந்து கோண்டோலா என்கிற ரோப் கார் முதல் கட்டத்தில் கொங்தூரிக்கு (சுமார் 3,100 மீட்டர்) ஏறும். இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மலைச்சரிவில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குப் போய்விடும்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயுவும் குறையும். குல்மார்க்கில் நம் ஊரைவிடக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைவு; இரண்டாம் கட்ட உச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அசதி எல்லாம் ஏறிய சில மணி நேரத்தில் வரலாம், மறுநாளும் வரலாம்.

இதற்கு வழி, நிதானம்தான். ஸ்ரீநகர் (1,585 மீட்டர்) போய் முதல் இரண்டு ராத்திரி அங்கேயே தங்குங்கள். பிறகு 50 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள குல்மார்க். அங்கும் முதல் நாள் ஓட்டம், சாட்டம் வேண்டாம். மறுநாள் கோண்டோலா முதல் கட்டம் மட்டும். யாருக்கும் தலைவலி இல்லை என்றால் அதற்கடுத்த நாள் இரண்டாம் கட்டம். "காசு கட்டியாச்சே" என்று தலைவலியோடு ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. பால் குடிக்காமல், விடாமல் சிணுங்கினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இருதய நோய், கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதே தெரியாது; ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். உயரத்துக்கான மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: இன்சுலின் உறைந்தால் கெட்டுப் போகும், மறுபடி உருகினாலும் போடக்கூடாது. அதை லக்கேஜில் போடாமல் கைப்பையில், கோட்டுக்கு உள்ளே வையுங்கள். எல்லா மாத்திரையும் ஐந்து நாளைக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

நம்ம ஊர்ப் பஞ்சு அங்கே எடுபடாது!

பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். குளிரில் அது உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்போடு ஒட்டினாற்போல் தெர்மல் உடை, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத கோட்டு. இப்படி மூன்று அடுக்கு போதும். பெரிய கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஈரமான சாக்ஸை உடனே மாற்றுங்கள். பனி வெயிலைக் கண்ணாடி போல் திருப்பி அடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் குழந்தைகளுக்கும் வேண்டும். ஆனால் சத்திரப்பட்டி பேண்டேஜுக்கு அங்கேயும் வேலை உண்டு: சறுக்கி விழுந்தால் சுளுக்குவது பெரும்பாலும் முழங்கால்தான்! ஆறு வாரத்துக்கு முன்பே தினமும் அரைமணி நடை, படி ஏறி இறங்குதல், அரைக்குந்து உட்கார்ந்து எழுதல் எனப் பழகுங்கள். சறுக்கப் பழகுகிறவர்கள் அடிவாரச் சரிவில், பயிற்சியாளரோடு மட்டும் இறங்குங்கள். 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் பனிச்சரிவில் இரண்டு போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தார்கள். தடுப்புக்கயிறு தாண்டிய பனி, அழகாக இருந்தாலும் நமக்கானது இல்லை.

ராத்திரி ஜாக்கிரதை

இதை மட்டும் மறக்காதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி அடுப்பை வைத்துத் தூங்கக் கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் உள்ள கேஸ் கெய்சருக்கும் இதே எச்சரிக்கைதான். அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி வந்தால் "உயரத்தால வந்திருக்கும்" என்று படுத்துவிடாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். குளிருக்கு இதம் என்று மதுவும், தூக்க மாத்திரையும் வேண்டாம். தாகம் தெரியாவிட்டாலும் வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி குடியுங்கள்.

அப்பா, அம்மாவுக்கு டாக்டர் 'வேண்டாம்' என்றால் மனம் கோணாதீர்கள். அவர்களை ஸ்ரீநகரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதுவும் முடியாது என்றால் அடுத்த முறை கொடைக்கானல் இருக்கவே இருக்கிறது. போன அத்தனை பேரும் நல்லபடியாக வீடு திரும்பி, வந்த களைப்பில் ஒரு துண்டு பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டால்தானே அது சுற்றுலா!