தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய விஞ்ஞானி

மாணவமணிகளே, நம் பள்ளித் திடலின் வேலியோரத்தில் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கால் பட்டதும் இலைகள் சுருங்குவதைக் கண்டு சிரிப்பீர்கள். அச்செடிக்குள் நிகழ்வது யாதென்று கருவி கொண்டு அளந்தவர் ஒருவர் உண்டு. அவரே வங்காளம் தந்த ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அக்காலத்தில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். அவரோ மகனை முதலில் வங்காளப் பாடசாலைக்கே அனுப்பினார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே ஆங்கிலம் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பில் போஸின் வலப்பக்கம் அமர்ந்தவன் தந்தையாரின் முஸ்லிம் பணியாளர் மகன். இடப்பக்கம் ஒரு மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம்முள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் கூறினார். “ஐயா, தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை முன்னுக்கு வருவானா?” என்று பதிவு நாளில் கேட்கும் பெற்றோர்க்கு நான் இவ்வரலாற்றைத்தான் சொல்வது வழக்கம்.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885ஆம் ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரினும் குறைந்த சம்பளமே கிடைக்கும் என்றனர். அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தைத் தொடவுமில்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். வீட்டிலோ தந்தையாரின் கடன் சுமை. இறுதியில் நிருவாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு வழங்கிற்று. சம்பள நாளை எண்ணி எண்ணி லயத்தில் நாள் கடத்திய நம்மவர்க்கு, மூன்றாண்டு எவ்வளவு நீண்டதென்று விளக்க வேண்டியதில்லை.

தக்க ஆய்வுக்கூடமும் இல்லை. ஒரு சிற்றறையில், தகர வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கொண்டு கருவிகளைத் தாமே அமைத்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகள் சுவரை ஊடுருவிச் சென்று, கம்பித் தொடர்பின்றியே மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கம்பியில்லாத் தந்தியால் செல்வமும் புகழும் அடைந்தவர் மார்க்கோனி. போஸ் கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்ட விரும்பாதவர். நண்பர்கள் வற்புறுத்தியதாலேயே 1904இல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை அவர் பெயரில் பதிவாயிற்று. இதை மட்டும் நான் முழுமையாகப் பாராட்ட மாட்டேன். உழைப்பின் பயனை உழைத்தவன் கேட்பதில் இழிவில்லை.

1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் போஸ் பெற்ற சிறப்பை அங்கிருந்த சுவாமி விவேகானந்தர் பெருமிதத்துடன் எழுதினார். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் முன்னுள்ள சிலையைக் காணும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு இலண்டனில், செடியும் உலோகமும் தூண்டுதலுக்கு மின் துடிப்பால் விடை தருகின்றன என்று காட்டினார். உடலியல் அறிஞர் சிலர் எதிர்த்தனர். அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றது. ஆகவே நூலாகவே எழுதினார்: 1902இல் உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் எதிர்வினை பற்றிய நூல், 1906இல் தாவரங்களின் எதிர்வினை பற்றியது. அவர் முடிவுகள் யாவும் ஏற்கப்படவில்லை. எனினும் செடிகளுக்குள் மின் சைகைகள் ஓடுவது இன்று ஐயமற்ற உண்மை.

வங்க மொழியையும் அவர் மறக்கவில்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்குவதாக 1896இல் ஒரு வேடிக்கைக் கதை எழுதினார். அது 1921இல் வந்த ‘அவ்யக்த’ என்னும் அவருடைய வங்க நூலில் சேர்ந்துள்ளது. 1917இல் தம் பிறந்த நாளன்றே கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கழகம் நிறுவினார், 1937இல் மறைந்தார்.

ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. வேலியோரச் செடியை ஒரு முறை தொட்டு, இலை மீண்டும் விரிய எத்தனை நிமிடம் ஆகிறதென்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை. தாளைத் திங்கட்கிழமை என் மேசையில் வையுங்கள்.