அப்பத்தாவின் தண்டட்டி எங்கே?

பழைய போட்டோவைத் தெளிவாக்க எந்த ஆப் நல்லது என்று கேட்டிருந்தாய், தங்கச்சி. முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேள்.

அப்பத்தாவின் வருஷத் திதிக்குப் படம் மாட்ட வேண்டும். இருந்ததோ முதியோர் பென்ஷனுக்கு எடுத்த ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். 'ஒரே தொடுதலில் எச்.டி.' என்று விளம்பரம் செய்த ஆப் ஒன்றில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு தாயி?" என்றார்.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். தண்டட்டி போட்டுத் தொங்கிய காது போய், கம்மல் போட்ட சின்னக் காது இருந்தது. மூக்கோரத்து மருவையும் காணோம். அந்த மென்பொருள் லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. மங்கலான இடத்தில் அப்பத்தாவைத் தேடாது, பழகிய முகத்தை வைத்து நிரப்பிவிடும்.

நம்ம சித்தன்னவாசல் குகையின் கூரையில் தாமரைக் குளம் இருக்கிறதே, சுமார் 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். அதன் படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால், மங்கிய மீனும் தண்டும் கொஞ்சம் எடுப்பாகும். பூச்சே உதிர்ந்துபோன இடத்தில் எந்த மென்பொருள் இதழ் வரைந்தாலும் அது அந்த ஓவியன் போட்டதாகாது. வீட்டுப் படத்துக்கும் இதுவே கணக்கு. வெளிச்சம், நிறமங்கல், கீறல், கறை இவற்றைச் சரிசெய்வதாகச் சொன்னால் நம்பலாம், பெரும்பாலும் செய்துவிடும். இல்லாத முகத்தைக் கொண்டுவருவேன் என்றால் நம்பாதே.

அதனால் ஆப்பைத் தேடுவதற்கு முன் ஸ்கேனைக் கவனி. பாஸ்போர்ட் சைஸ் படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல். சுமாராக 1650-க்கு 2100 பிக்ஸல் கிடைக்கும். 5-க்கு 7 இன்ச் பிரிண்டுக்கு அது தாராளம். அதற்கு மேல் பெரிதாக்கப் பெரிதாக்க மென்பொருள் சொந்தமாக நிரப்புவது கூடும். நான் கடைசியில் 5-க்கு 7-தான் போட்டேன். சின்னதுதான், ஆனால் அப்பத்தா அப்பத்தாவாகவே இருக்கிறார்.

ஸ்கேன் செய்ததை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பு. படம் பிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கண்ணாடியோடு சேர்த்தே எடு.

கீறலுக்கு ஸ்னாப்ஸீடில் ஹீலிங் போதும், அது இலவசம். கம்ப்யூட்டர் இருந்தால் கிம்ப், அதுவும் இலவசம். கண், காது, வாய் பக்கம் மட்டும் விரலைக் கொண்டுபோகாதே. கறுப்பு வெள்ளைக்குக் கலர் ஏற்றினால், சேலை நிறத்தை மென்பொருள் ஊகித்துத்தான் போடும். என்ன நிறமென்று கட்டியவரையோ கூட இருந்தவரையோ கேட்டுவிடு.

'இலவச டிரையல்' என்று கார்டோ யுபிஐயோ கேட்டால் ஜாக்கிரதை. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் பணம் போவது நிற்கும்.

பிரிண்ட் போடும் முன், அவரை நேரில் பார்த்த பெரியவர் ஒருவரிடம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. சித்தப்பா பார்க்காமல் இருந்திருந்தால், யாரோ ஒரு பாட்டிக்கு நாங்கள் மாலை போட்டிருப்போம்.

அசல் படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே, தங்கச்சி. பின்பக்கம் பென்சிலால் பேரும் ஊரும் எழுதி, ஒரு காகித உறையில் போட்டு இன்றைக்கே பீரோவில் வை.