சைக்கிள் போர்க்குக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல் பற்றிப் பேசினால், "அது ஆபீஸில் கணக்கு பார்ப்பவர்களுக்கு, வீட்டில் நமக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். மாதச் செலவுக் கணக்கை உதாரணம் காட்டினால் யாருக்கும் ஆர்வம் வருவதில்லை. எனவே இந்த மாதம் வேறொரு வேலையை எடுத்துக் கொள்வோம். மவுண்டன் பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் சஸ்பென்ஷன் போர்க்கை நம் எடைக்கு ஏற்ப அமைத்திடவும், அதனைப் பராமரித்திடவும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதலில் உங்கள் போர்க் எந்த வகை என்று பாருங்கள். சைக்கிளில் அமர்ந்த நிலையில் இடது கால் உச்சியில் உள்ள மூடியைக் கழற்றினால், கார் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரிகிறதா? அது ஏர் போர்க். வால்வு இல்லாமல், திருகும் குமிழ் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது காயில் ஸ்பிரிங் போர்க். இந்தியாவில் விற்கும் ஆரம்ப விலை சைக்கிள்கள் பலவற்றில் எஸ்.ஆர். சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்ற காயில் போர்க்குகளே வருகின்றன. அந்தக் குமிழின் பெயர் பிரீலோட். அதனைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் எந்த உயரத்தில் இருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பது மட்டுமே மாறும். உங்கள் எடைக்கு ஸ்பிரிங் பொருந்தவில்லை என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஏர் போர்க்கில் அந்தத் தொல்லை இல்லை; காற்றைக் கூட்டிக் குறைத்தால் போதும். அதனால்தான் அதில் தவறாக அமைக்கவும் வாய்ப்பு அதிகம்.

இப்போது ஒரு புதிய ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ காலத்தில் தேதி, பி-யில் காற்றழுத்தம், சி-யில் சாக் மி.மீ., டி-யில் சாக் சதவீதம், இ-யில் ரீபவுண்ட் கிளிக், எப்-பில் ஓட்டிய மணி நேரம், ஜி-யில் குறிப்பு. சதவீதத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொள்ளட்டும். டி2 செல்லில் சமக்குறியை டைப் செய்து, சி2 செல்லைக் கிளிக் செய்து, வகுத்தல் குறிக்கான சாய்கோட்டைத் தட்டி, உங்கள் போர்க்கின் மொத்த அசைவு தூரத்தை, உதாரணமாக 120 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். பின் அந்தச் செல்லுக்கு மேலே டூல்பாரில் உள்ள சதவீதக் குறியைக் கிளிக் செய்திடவும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா வந்துவிடும்.

சாக் என்றால் என்ன? நீங்கள் ஏறி நின்றதும் உங்கள் எடையால் மட்டும் போர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான். சமதளமும் சிறு ஏற்றமும் உள்ள பாதைக்கு 15 முதல் 20 சதவீதம், கரடுமுரடான இறக்கத்துக்கு 20 முதல் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். 120 மி.மீ. போர்க்கில் 20 சதவீதம் என்பது 24 மி.மீ. இந்த அளவு ஏன் வேண்டும்? சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போவது போலவே, பள்ளத்தில் கீழே இறங்கவும் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் முன் சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும். வளைவில் பிடிப்பு போய்விடும். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம், விழுவதுதான் நடக்கும்.

அளப்பதற்கு ஷாக் பம்ப் என்ற சிறிய பம்ப் தேவை. போர்க்கில் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு என்பதால் டயர் பம்ப் இதற்கு ஒத்து வராது. காற்றை அடித்ததும் உடனே அளந்துவிடாதீர்கள். ஹேண்டில்பாரை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அமுக்கி விடுங்கள். உள்ளே எதிர்த்திசையில் தள்ளும் இன்னொரு சிறிய காற்றறை உண்டு. போர்க் அமுங்கும்போதுதான் அதற்குள் காற்று போய் இரண்டும் சமமாகும். அதன் பின் பம்ப்பில் அளவு குறைந்து தெரிந்தால் கசிவு என்று பயப்பட வேண்டாம். பம்ப்பைக் கழற்றும்போது வரும் "உஸ்" சத்தமும் ஓஸில் இருந்த காற்றின் சத்தம்தான்.

ஹெல்மெட், தண்ணீர் பை என்று வழக்கமாகக் கொண்டு போகும் எல்லாவற்றுடனும் ஏறுங்கள். லாக்அவுட் இருந்தால் திறந்து வையுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பெடலில் எழுந்து நின்று, ஒருமுறை அமுக்கி விட்டு அசையாமல் நில்லுங்கள். போர்க்கின் வழவழப்பான உள் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை அவர் கீழே சீல் வரை தள்ளட்டும். வளையம் இல்லாத போர்க்கில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிக் கொள்ளலாம். மெதுவாக இறங்கி, சீலுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து சி காலத்தில் எழுதுங்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் புது சைக்கிள் வாங்கிய மாதமே மணிக்கட்டு வலி என்றார். கைப்பிடி உறையை மாற்றினார், ஹேண்டில்பாரை உயர்த்தினார், வலி தீரவில்லை. சைக்கிளை விற்றுவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார். அளந்து பார்த்தோம். 62 கிலோ எடை உள்ளவருக்கு 95 பி.எஸ்.ஐ. காற்று, சாக் 12 மி.மீ., அதாவது 10 சதவீதம். ஐந்தைந்தாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் ஷீட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். 75-இல் 23 மி.மீ. வந்தது. அன்று அதோடு நிறுத்திவிட்டோம்; ரீபவுண்டைத் தொடவில்லை. சாப்ட்வேரில் பிழை தேடும்போது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைத்தால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது. போர்க்கும் அப்படித்தான். ஒரு வரிசைக்கு ஒரு மாற்றம். இதுதான் இந்த ஷீட்டின் ஒரே சட்டம்.

அடுத்து ரீபவுண்ட். வலது கால் அடியில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் குமிழ் இது. அமுங்கிய போர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை இது கட்டுப்படுத்துகிறது. கடிகாரச் சுற்றில் முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். நடுவில் இருந்து எண்ணினால் அடுத்த வாரம் அது எந்த நடு என்று தெரியாது. ஹேண்டில்பாரை வேகமாக அமுக்கி விடும்போது முன் சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் ரீபவுண்ட் வேகம் அதிகம். சோம்பலாக எழுந்தால் தொடர் மேடுகளில் போர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து இறுகிவிடும். கண்ணுக்குப் பிடிபடவில்லையா? மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வி.எல்.சி. பிளேயரில் திறந்து, கீபோர்டில் ஆங்கில 'ஈ' கீயைத் தட்டுங்கள். தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம் நகரும். சக்கரம் துள்ளுகிறதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் வலுவாகும், அதனால் ரீபவுண்டையும் கொஞ்சம் மெதுவாக்க வேண்டி வரும். இதனால்தான் சாக் முதலில், ரீபவுண்ட் பிறகு.

ஓட்டி முடித்து வந்ததும் ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஜி காலத்தில் எழுதிடுங்கள். கடினமான பாதையிலும் 120-இல் 80 மி.மீ. மட்டுமே போகிறது என்றால் காற்றைக் குறைக்கலாம். சாக் சரியாக இருந்தும் அடிக்கடி கடைசி வரை போய் இடித்தால், காற்றைக் கூட்டாமல், காற்றறையில் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. இடம் குறைவதால் கடைசிப் பகுதி மட்டும் கடினமாகும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கோவையில் 35 டிகிரி வெயிலில் 75 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு போய், ஊட்டியில் 10 டிகிரி குளிரில் அளந்தால் என்ன காட்டும்? குளிரால் 7 குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 3 கூடும். ஆக, 71 போலக் காட்டும். எங்கே அளந்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பராமரிப்புக்கு எப் காலம். ராக்ஷாக்ஸ் நிறுவனம் தன் பல போர்க்குகளுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. பாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு சர்வீஸ் செய்யச் சொல்கிறது. எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? எப் காலத்தின் அடியில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் கூட்டிக் காட்டும். ஒன்றரை மணி நேரத்தை 1.5 என்றுதான் டைப் செய்ய வேண்டும். 1:30 என்று கொடுத்தால் எக்ஸெல் அதனைக் கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு கூட்டலைக் குழப்பிவிடும். சர்வீஸ் ஆனதும் புதிய ஷீட்டைத் தொடங்குங்கள்.

இந்தக் கெடுவைத் தள்ளிப் போடுவது பணத்தோடு விளையாடுவது. சீலைத் தாண்டி உள்ளே போன மண் எண்ணெயோடு கலந்து உள் குழாயின் மேற்பூச்சைத் தேய்க்கத் தொடங்கினால், சீல் மாற்றிப் பயனில்லை. அந்தக் குழாய்த் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் குழாயைச் சுத்தமான துணியால் துடையுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சீல் மீது அடிக்க வேண்டாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது உள்ளே இருக்கும் எண்ணெயையும் கிரீஸையும் கழுவிவிடும்.

கழற்றும் வேலையை நீங்களே செய்வதானால் முதலில் காற்று முழுவதையும் வெளியேற்றிட வேண்டும். காற்று இருக்கும்போது போல்ட்டைக் கழற்றினால் பாகங்கள் பாய்ந்து வந்து காயப்படுத்தும். எண்ணெய் வகை, எத்தனை மில்லி, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பவை மாடலுக்கு மாடல் மாறும். ராக்ஷாக்ஸ் போர்க்கில் உள்ள சீரியல் எண்ணையும், பாக்ஸ் போர்க்கின் கீழ்க்காலின் பின்பக்கம் உள்ள நான்கு எழுத்துக் குறியீட்டையும் அந்தந்த நிறுவனத்தின் இணைய தளத்தில் கொடுத்தால் உங்கள் மாடல் பற்றிய விவரங்கள் கிடைக்கும். சர்வீஸ் மேனுவல் பி.டி.எப். பைலை டவுன்லோட் செய்து, இந்த ஸ்ப்ரெட்ஷீட் இருக்கும் அதே போல்டரில் சேமித்திடுங்கள். போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்திடவும். சைக்கிளைக் கடையில் சர்வீஸுக்கு விடும்போது ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், திரும்பி வந்த போர்க்கில் எத்தனை கிளிக், எவ்வளவு காற்று என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.